தள்ளிப் பார்த்த கதவுகள்

இந்த ஊரில் உரிமம் வாங்கி நடத்தும் பப், ஹோட்டல் பார் ஒன்று விடாமல் நானும் என் மாமியாரும் ஏறி இறங்கியிருக்கிறோம். ஒரு சொட்டு குடித்ததில்லை. போய் உட்காருவோம். நான் ஒரு சோடா சொல்வேன். அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பாத்ரூம் எங்கே என்று கேட்பார். வயதான பெண்மணி முகத்தைச் சுளித்துக்கொண்டு பாத்ரூம் கேட்டால் எந்தக் கொம்பனும் மறுக்கமாட்டான். அவர் பின்பக்கம் போய், பச்சை விளக்கு எரியும் அவசர வழிக் கதவைத் தள்ளிப் பார்ப்பார். பூட்டியிருந்தால் பூட்டைப் போனில் படம் எடுப்பார். திரும்பி வந்து என் சோடாவில் பாதியைக் குடிப்பார். பிறகு அடுத்த கடை.

எதற்கு இந்தக் கூத்து என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரரை ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றத்தான்.

அவர் ஒரு பாரில் மேனேஜராக இருந்தார். ஒரு சாயங்காலம் அங்கே கூரைக்குள் போன ஒயர் கருகித் தீப்பிடித்தது. குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் முன்வாசல் வழியாக வெளியே ஓடி வந்துவிட்டார்கள். பின்னால் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த அக்கா மட்டும் வரவில்லை. அவருக்கும் முன்வாசலுக்கும் நடுவில்தான் தீ. அவருக்கு இருந்த ஒரே வழி சந்துப் பக்கம் திறக்கும் பின் கதவு. அது பூட்டியிருந்தது. உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் சாவி போட்டுத் திறக்கிற பூட்டு. சாவி என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் இருந்தது.

ஏன் பூட்டினார் என்றால், குடித்துவிட்டுப் பில் கட்டாமல் பின்வழியாக நழுவுகிறவர்களுக்காக. அது முதலாளி போட்ட சட்டம். எழுத்தில் கிடையாது, எல்லாம் வாய் வார்த்தைதான். நழுவியவனின் பில்லை மேனேஜர் சம்பளத்தில் பிடிப்பேன் என்றும் சொல்லியிருந்தார். தீ அணைந்த மறுநாளே அந்த மனிதர் கை கழுவிவிட்டார். பூட்டச் சொல்லி நான் எப்போது சொன்னேன், இந்த ஊரில் எந்த பாரிலாவது அந்தக் கதவைப் பூட்டுவார்களா, இது அந்த ஆளின் சொந்த புத்தி என்று போலீசில் எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்த கையோடு அக்காவின் வீட்டுக்கு ஒரு மலர்வளையமும் அனுப்பினார். அதில் கடையின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அதைக் கேள்விப்பட்ட அன்று நான் இருந்த இருப்பில், அந்த ஆள் என் எதிரில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கே தெரியாது.

எங்கள் வக்கீல் ஒரு வழி சொன்னார். எந்த பாரிலும் பூட்டுவதில்லை என்று முதலாளி அடித்துச் சொல்கிறார் அல்லவா, ஊரெல்லாம் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள் என்று காட்டிவிட்டால் அவர் பேச்சு பொய் என்று ஆகிவிடும். இது ஒரு மேனேஜரின் தான்தோன்றித்தனம் இல்லை, முதலாளிகள் சொல்லி நடக்கிற வழக்கம் என்று வாதாடலாம். முதலாளியையும் கூண்டில் ஏற்றலாம், என் வீட்டுக்காரருக்கு ஜெயில் இல்லாமல்கூடப் போகலாம். ஆனால் ஊரெல்லாம் போய் யார் பார்ப்பது என்று கேட்டார். நான் போகிறேன் என்றேன். நீங்களா என்று சிரித்தார்.

சிரிக்கட்டும். நான் ஒரு பல் மருத்துவமனையில் முன் மேஜையில் உட்காருகிறவள். வலியில் துடித்துக்கொண்டு வரும் பெரிய பெரிய ஆட்களை எல்லாம் வரிசையில் உட்காரச் சொல்லி உட்கார வைக்கிறவள். பாருக்குள் போக எனக்கு என்ன பயம்? தனியாகப் போக வேண்டாம் என்று அத்தைதான் கிளம்பினார். அவர் பணி ஓய்வு பெறும்வரை சினிமா தியேட்டரில் டிக்கெட் கவுண்டரில் இருந்தவர். கம்பி வலைக்குப் பின்னாலிருந்து ஊர்ப்பட்ட முகங்களைப் பார்த்தவர். எவன் கள்ள நோட்டு நீட்டுகிறான், எவன் வீட்டில் சொல்லாமல் வந்திருக்கிறான் என்று பார்வையிலேயே எடை போட்டுவிடுவார். பாத்ரூம் யோசனையும் அவருடையதுதான்.

முதல் கடை. பரிமாறுகிறவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, யாரையாவது தேடி வந்தீர்களா என்று கேட்டார். குடிகாரப் புருஷனை இழுத்துப்போக வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார். அத்தை அசரவில்லை. ஏன், நாங்கள் உட்காரக் கூடாதா என்று திருப்பிக் கேட்டார். அந்த ஆள் வாயைப் பொத்திக்கொண்டு சோடா கொண்டுவந்தார். அங்கே பின் கதவில் சைக்கிள் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. அத்தை எடுத்த படத்தில் பாதி அவருடைய கட்டைவிரல்தான் தெரிந்தது. போகப் போகப் பழகிவிட்டார்.

எத்தனை விதமான பூட்டு, அடேயப்பா. ஒரு இடத்தில் பெரிய தொங்குபூட்டு. ஒரு இடத்தில் பூட்டே இல்லை, ஆனால் கதவுக்குக் குறுக்கே காலி பீர் பெட்டிகளைத் தலைக்கு மேல் அடுக்கியிருந்தார்கள். இன்னொரு இடத்தில் கதவின் மேல் காலண்டரை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். கதவு என்று ஒன்று அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே பச்சை விளக்கு மட்டும் கண்ணும் கருத்துமாக எரிந்தது, ஓடுகிற மனிதன் படத்தோடு. எங்கே ஓடுவான் அவன்?

பெரிய ஹோட்டல்களாவது ஒழுங்காக இருக்கும் என்று நினைத்தேன். அங்கேதான் வயிறு எரிந்தது. ஒரு ஹோட்டல் பாரில் தரையில் கால் வைத்தால் முகம் தெரிகிறது. டை கட்டியவர் வந்து குனிந்து வரவேற்கிறார். சோடாவுக்கு அவர்கள் போட்ட விலையில் என் வீட்டில் ஒரு வாரக் காய்கறி வாங்கலாம். பின்னால் போய்ப் பார்த்தால் அவசர வழிக் கதவை மறைத்துக்கொண்டு ஆள் உயர ஃப்ரீசர் நிற்கிறது. ஐஸ் வைக்க வேறு இடம் இல்லையாம். அத்தை வந்து காதோடு சொன்னதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அந்த டைக்காரரைக் கூப்பிட்டு, தீப்பிடித்தால் ஃப்ரீசருக்குள் புகுந்துகொள்ளச் சொல்வீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அத்தை மேஜைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினார்.

“சண்டைக்கு வந்தோமா, சாட்சிக்கு வந்தோமா?” என்றார். “சோடாவக் குடி.”

குடித்தேன். அந்தக் கோபம் சோடாவோடு உள்ளே போய்த் தங்கிவிட்டது. இப்படிக் கடை கடையாகத் தங்கி, எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சல். மருத்துவமனையில் நோயாளிகளிடம் எரிந்து விழுந்தேன். பல் டாக்டர் கூப்பிட்டு, கொஞ்சம் லீவு எடுத்துக்கொள்ளம்மா என்று பக்குவமாகச் சொன்னார். அவர் நல்லவர். அவர் மேலும் எரிச்சல்தான் வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பூட்டைக் கண்டால் எனக்கு மனசு குளிர்ந்தது. அத்தை பின்பக்கமிருந்து வரும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் லேசாகத் தலையாட்டினால், அப்பாடா, இங்கேயும் பூட்டு. பக்கத்து மேஜைகளில் சின்னஞ்சிறுசுகள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும். யாருக்கோ பிறந்த நாள், யாருக்கோ சம்பள உயர்வு. என் புருஷனுக்கு நல்லது நடக்க வேண்டுமென்றால் இவர்கள் எல்லாரும் பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படியே இருக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். இப்படி வேண்டிக்கொள்ளும்படி என்னைக் கொண்டுவந்து விட்ட முதலாளியை நினைத்து மறுபடியும் பற்றிக்கொண்டு வரும்.

இறந்த அக்காவை எனக்குத் தெரியும். கடையில் எல்லாருக்கும் அவர் கிளாஸ் அக்காதான். கொதிக்கும் தண்ணீரில் கை வைக்க வேண்டியிருப்பதால் ரப்பர் கையுறையை இரண்டாகப் போட்டுக்கொள்வார். என் வீட்டுக்காரரை சார் என்று கூப்பிடாத ஒரே ஆள் அவர்தான். வாயைத் திறந்தால் தம்பி, தம்பிதான். செட்டில் ஒன்று உடைந்து ஜோடி இல்லாமல் போன கிளாஸ்களைக் காகிதத்தில் சுற்றி எனக்குக் கொடுத்து அனுப்புவார். எங்கள் வீட்டில் ஒரு கிளாஸ் மாதிரி இன்னொரு கிளாஸ் இருக்காது. தீ விபத்துக்குப் பிறகு அத்தை அவற்றை எல்லாம் எடுத்துப் பரண் மேல் போட்டுவிட்டு ஸ்டீல் டம்ளர் வாங்கி வந்தார். 

என் வீட்டுக்காரர் ஜாமீனில் வீட்டில் இருந்தார். இருந்தார் என்று சொல்வதே அதிகம். ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் வந்து இன்று எந்தெந்தக் கடை, எங்கே என்ன பூட்டு என்று சொன்னால் கேட்டுக்கொள்வார். நல்லது என்பார். வேறு எதுவும் பேசமாட்டார். போலீசில் சொன்னதையே எங்களிடமும் ஒரே ஒரு தடவை சொன்னார். முன்வாசல் வழியாக எல்லாரையும் வெளியேற்றிவிட்டு, சுற்றிக்கொண்டு சந்துக்கு ஓடினேன், சந்து முழுக்கப் புகை, கதவுப் பக்கம் போக முடியவில்லை. நாங்கள் நம்பினோம். நம்பாமல் என்ன செய்வது, கட்டிய புருஷன் ஆயிற்றே, பெற்ற பிள்ளை ஆயிற்றே.

கடைசியாக மிச்சம் இருந்தது பஸ் பணிமனைக்குப் பின்னால் ஒரு சின்ன பார். டிரைவர்களும் மெக்கானிக்குகளும் வருகிற இடம். நாங்கள் போன மத்தியானம் மழை கொட்டியது. உள்ளே மேஜைகளில் எண்ணெய்ப் பிசுக்கு. கல்லாவில் இருந்த மேனேஜர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே பேசினார், அப்படி ஒரு ஜலதோஷம். இந்தக் கடையைப் பார்த்ததுமே எனக்கு நிம்மதி. ஹோட்டல்காரனே பூட்டும்போது இவன் பூட்டாமல் இருப்பானா? இதோடு வேலை முடிந்தது, சாயங்காலம் வக்கீலுக்குப் போன் செய்து சொல்லிவிடலாம். நாளை காலையில் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் மிச்சத்தைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து பின்பக்கம் போனார்.

நான் சோடாவை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழக்கத்தைவிட நேரம் ஆனது. நிஜமாகவே பாத்ரூம் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது தெருப் பக்கத்து முன்வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு அத்தை உள்ளே வந்தார். தலையெல்லாம் நனைந்து, மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. செருப்பு முழுக்கச் சேறு.

வந்து உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“பூட்டிதான் இருக்கு. போன்ல சார்ஜ் இல்ல, படம் எடுக்கல.”

நான் கிளாஸை வைத்தேன். எழுந்து பின்பக்கம் போனேன். சமையலறையைத் தாண்டிச் சின்ன நடை. நடையில் ஒரு பெட்டி இல்லை, ஒரு வாளி இல்லை, துடைத்து விட்டதுபோல் இருந்தது. கடைசியில் கதவு, இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு கம்பி. உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன். தள்ளியதுதான் தெரியும், சந்தில் மழையில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் கதவு தானாக மூடிக்கொண்டது. வெளிப்பக்கம் பிடியே இல்லை. உள்ளே போக வேண்டுமென்றால் அத்தை மாதிரி சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குத்தான் வர வேண்டும்.

அந்தச் சந்தில் நின்று யாரைத் திட்டுவது என்று தெரியாமல் குப்பைத் தொட்டியை எட்டி உதைத்தேன். கால்தான் வலித்தது.

கதவு மறுபடி திறந்தது. ஜலதோஷ மேனேஜர் தலையை நீட்டினார்.

“ஏம்மா, ஒருத்தர் மாத்தி ஒருத்தரா இந்த வழியாவே போறீங்களே. போறதுன்னா போங்க, சோடாவுக்குக் குடுத்துட்டுப் போங்க.”

கதவை ஏன் பூட்டவில்லை என்று கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். ஊரில் அத்தனை பேரும் பூட்டுகிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன கேடு என்று கேட்டேன். அந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சோடாவில் எதையாவது கலந்துவிட்டார்களோ என்று நினைத்திருக்கலாம். ஆனாலும் பதில் சொன்னார்.

“முதலாளி பூட்டத்தாம்மா சொன்னாரு. ஓடிப்போறவன் பில்ல உன் சம்பளத்துல பிடிப்பேன்னாரு. நான் சாவிய அவர் மேஜையிலயே வெச்சுட்டேன். நீங்களே பூட்டுங்க, பூட்டிட்டு நீங்களே உள்ள உக்காருங்கன்னேன்.”

“உக்காந்தாரா?”

“அவரு எங்க உக்காருவாரு.” கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினார். “மாசத்துக்கு ரெண்டு மூணு பேர் ஓடுவான். என் சம்பளத்துலதான் பிடிக்கிறாங்க. இருமலுக்கு மருந்து வாங்குற மாதிரி, அதுவும் ஒரு செலவு.”

இப்படி ஒரு பேச்சை என் வீட்டுக்காரர் பேசியிருக்கலாம். அதே தொழில், அதே மாதிரி முதலாளி, அதே மிரட்டல். அவருக்கு என்ன, வாய் இல்லையா? இத்தனை நாள் முதலாளி மேல் வைத்திருந்த கோபம் அப்படியே திரும்பி வீட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. முதலாளி மேல் இருந்ததும் குறையவில்லை என்பதுதான் கொடுமை.

சோடாவுக்குக் கொடுத்துவிட்டு அத்தையைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்தில் தகரக் கூரைக்குக் கீழே நாங்கள் இருவர் மட்டும். மழைச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அது எனக்கு வசதியாகப் போயிற்று. ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். மற்ற எல்லாக் கடையிலும் பூட்டித்தானே இருந்தது, ஒரே ஒரு கடையை விட்டுவிட்டால் என்ன குடி முழுகிப் போகும் என்றார். உங்கள் தியேட்டரில் படம் ஓடும்போது கதவைப் பூட்டுவீர்களா என்று கேட்டேன். அது அவருக்குச் சுருக்கென்று பட்டது. டிக்கெட் கவுண்டரில் இருந்தாலும் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் தாழ்ப்பாள் எல்லாம் எடுத்திருக்கிறதா என்று அவரே போய்ப் பார்ப்பாராம், அது அவருடைய வேலை இல்லாவிட்டாலும். எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

“உனக்குப் புருஷன்” என்றார். “நாளைக்கு நீ கோச்சுக்கிட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போயிடலாம். நான் எங்க போவேன்?”

 பஸ் வந்தது. நான் முன்னால் ஒரு சீட்டில், அவர் பின்னால் ஒரு சீட்டில். 

வீட்டுக்கு வந்து ஈரத் துணியை மாற்றக்கூட இல்லை. என் வீட்டுக்காரர் வழக்கம்போல் ஜன்னல் ஓரம். கடைசிக் கடையில் கதவு திறந்தது என்று சொன்னேன். தள்ளினால் திறக்கிற கதவு, அந்த மேனேஜர் சாவியைத் தூக்கி முதலாளி மேஜையில் வைத்துவிட்டாராம், உங்களால் ஏன் முடியவில்லை என்று கேட்டேன். வாயில் வந்ததை எல்லாம் கேட்டேன். முதுகெலும்பு இருக்கிறதா என்று கேட்டேன், ஆம்பிளையா என்று கேட்டேன். அத்தை தடுக்கவில்லை, சுவரில் சாய்ந்து நின்றார். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். முடிந்ததும் நான் எதிர்பார்க்காத ஒன்றைத் தன் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

“அம்மா, திறக்குறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?”

 அத்தை வாசலில் சேறு அப்பிக் கிடந்த தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சந்துல புகை இல்லம்மா” என்றார் என் வீட்டுக்காரர். “நான் சொன்னது பொய்.”

அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, கடையில் சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல். சந்து முனை வரைக்கும் போனேன், சந்து தெளிவாகத்தான் இருந்தது, புகை எல்லாம் தெருப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்றார். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அக்கா வாய்விட்டுக் கூப்பிட்டார். தம்பி, கதவு, தம்பி, கதவு என்று இரண்டு வார்த்தைதான், திரும்பத் திரும்ப. சமையலறையில் கேஸ் சிலிண்டர் இருக்கிறதே, வெடித்தால் என்ன ஆவோம் என்று கால் நின்றுவிட்டதாம். சாவியைக் கையில் எடுத்துவிட்டாராம். எடுத்துக்கொண்டு நின்றாராம். சத்தம் நின்ற பிறகு சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்து, மற்றவர்களோடு நின்றுகொண்டாராம்.

“சிலிண்டர் வெடிக்கல” என்றார். “கடைசி வரைக்கும் வெடிக்கல.”

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடிக்கவில்லை. அடித்தால் அவருக்கு நிம்மதியாகிவிடும் என்று தோன்றியது. நாளைக்கு இதை வக்கீலிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

“சொன்னா அந்த ஆள் தப்பிச்சுடுவான். எல்லாம் நான்தான்னு ஆயிடும். அவனுக்கு அதுதானே வேணும்.”

இதில் எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது உண்மை. இவர் வாயைத் திறந்தால் முதலாளி மறுபடியும் ஒரு மலர்வளையம் வாங்கி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். வாயை மூடிக்கொண்டால் கிளாஸ் அக்கா புகையில் போய்ச் சேர்ந்தார், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று எழுதப்படும். இரண்டில் எதைப் பொறுத்துக்கொள்வது? அந்த முதலாளி நாங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் வழியை மறிக்கிற மாதிரி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டார். நான் உள்ளே போய்த் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். துக்கத்தில் இல்லை, சுத்தமான ஆத்திரத்தில்.

காலையில் மூன்று பேரும் வக்கீல் அலுவலகத்துக்குப் போனோம்.  அத்தை என்ன முடிவில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை, என் வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. கதவுகளைத் தள்ளிப் பார்த்தவர் அத்தைதான், அதனால் வாக்குமூலமும் அவர் பெயரில்தான். நான் என்ன குதித்தாலும் கையெழுத்து அவருடையது.

வக்கீல் நல்ல உற்சாகத்தில் இருந்தார். படங்களை எல்லாம் பெரிதாக அச்சடித்து மேஜையில் பரப்பியிருந்தார். சங்கிலி, தொங்குபூட்டு, பீர் பெட்டி, காலண்டர், ஃப்ரீசர். இதைப் பார்த்தால் அந்த முதலாளியால் வாயைத் திறக்க முடியுமா என்று கேட்டார். இவ்வளவு வேலையை போலீஸ்கூடச் செய்திருக்காது என்று எங்களைப் பாராட்டினார். பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்து வைத்திருந்ததைப் படித்தார். இந்நகரில் உரிமம் பெற்று இயங்கும் அனைத்து மதுக்கூடங்களுக்கும் நான் நேரில் சென்றேன், அவை அனைத்திலும் அவசர வழிக் கதவு திறக்க முடியாத நிலையில் இருந்தது என்று கோர்ட் தமிழில் இருந்தது.

பேனாவைத் திறந்து அத்தையின் பக்கம் நகர்த்தினார். சரிதானே அம்மா என்றார்.

அத்தை பேனாவை எடுத்தார். மூடியைப் போட்டு மேஜையில் வைத்தார். மகன் பக்கம் திரும்பவே இல்லை.

“சரியில்ல” என்றார். “ஒரு கடையில திறந்துச்சு. தள்ளினேன், வெளிய நின்னேன். அவ்வளவுதான் நேரம்.”

வக்கீலின் முகம் மாறியது. ஒரே ஒரு கடைதானே, படம்கூட இல்லையே, அதை விட்டுவிடலாமே என்றார். இது உங்கள் வீட்டுக்காரருக்கு எவ்வளவு பெரிய பாதகம் என்று தெரிகிறதா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தெரியும் என்றேன்.

“விட வேண்டாம்” என்றார் அத்தை. “பூட்டினது எல்லாத்தையும் எழுதுங்க. பூட்டச் சொன்னவன் யாருன்னு எழுதுங்க. அவன விடாதீங்க. திறந்ததையும் எழுதுங்க. மிச்சத்த என் புள்ள சொல்லுவான்.”

குரல் உடையவில்லை. கைதான் கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது.

 நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கோபம் போய்விடவில்லை. இன்னும் போகவில்லை. போகும் என்றும் நினைக்கவில்லை. அவர் மேஜை மேல் கிடந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு தன் அம்மாவின் கையைப் பார்த்தார்.

வக்கீல் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். என் வீட்டுக்காரர் சுவரோரம் கிடந்த தன் நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.